தாவர சீஸா, பால் சீஸா? மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலுக்கு வருபவர்கள் சாக்லேட்டோடு சீஸும் வாங்கிப் போவது பழைய வழக்கம். குன்னூர் பக்கமும் கையால் சீஸ் செய்யும் பண்ணை உண்டு. இப்போது 'வீகன்' என்று எழுதிய கட்டிகளும் டப்பாக்களும் அதே அலமாரிக்கு வந்துவிட்டன. வாங்குபவர்களும் வீட்டில் செய்து பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

தாவர சீஸ்னா என்னங்க? எதுல செய்றாங்க?

பால் சேர்க்காமல், சீஸின் ருசியும் பதமும் வரும்படி செய்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான். குழப்பமெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. உள்ளே இருப்பதை வைத்து மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வகை முந்திரி, பாதாம் போன்ற பருப்புகளை அரைத்துப் புளிக்க வைத்தது. இரண்டாவது சோயா, பீன்ஸ் போன்ற பயறுகளில் செய்தது. சோயாப் பாலை உறைய வைத்துப் பனீர் போலச் செய்யும் டோஃபுவும் இதில் சேரும். மூன்றாவது தேங்காய் எண்ணெயையும் மாவுச்சத்தையும் தண்ணீரோடு கலந்து, நிறமும் மணமும் சேர்த்துக் கட்டியாக்கியது.

கடைகளில் பீட்சாவுக்கென்று துருவி விற்பது பெரும்பாலும் மூன்றாவது வகை. உடம்புக்கு நல்லது என்று பேசப்படுவதோ பெரும்பாலும் முதல் இரண்டைப் பற்றி. கீழே எந்தப் பதிலைப் படித்தாலும் இந்தப் பிரிவை நினைவில் வையுங்கள்.

பால் சீஸை விட்டுட்டு இதுக்கு மாறினா உடம்புக்கு உண்மையிலேயே என்ன லாபம்?

30 கிராம் செடார் சீஸில், அதாவது ஒரு தடிமனான துண்டில், நிறைவுற்ற கொழுப்பு சுமார் 6 கிராம், கொலஸ்ட்ரால் 30 மி.கிராம், சோடியம் 190 மி.கிராம் இருக்கும். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவர் நிறைவுற்ற கொழுப்பை 22 கிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இரண்டு துண்டிலேயே அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

வீட்டில் செய்த முந்திரி சீஸ் அதே 30 கிராம் எடுத்தால் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராமுக்குள் அடங்கும், கொலஸ்ட்ரால் கிடையாது, உப்பு உங்கள் கையில். முந்திரியில் உள்ள கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாத வகை. பீன்ஸில் செய்தால் நார்ச்சத்தும் சேரும், பால் சீஸில் அது துளியும் இல்லை. லாபம் இதுதான். இதைத் தாண்டி 'உடம்பில் உள்ள நச்சை எடுக்கும்', 'சீஸ் போதையிலிருந்து விடுவிக்கும்' என்றெல்லாம் சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

அட்டையில 'கொலஸ்ட்ரால் இல்லை'ன்னு போட்டிருக்கே, அது போதாதா?

போதாது. எந்தத் தாவரப் பொருளிலும் கொலஸ்ட்ரால் இருக்காது. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது உணவில் உள்ள நிறைவுற்ற கொழுப்புதான். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் அந்தக் கொழுப்பு. மூன்றாவது வகைக் கட்டியில் 100 கிராமுக்கு 20 கிராம் வரை நிறைவுற்ற கொழுப்பு இருப்பது சாதாரணம். அது செடாருக்குச் சமம். தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்துகிறது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

பால் சீஸுக்கும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே அளவு கொழுப்பை வெண்ணெயாகச் சாப்பிடுவதைவிடச் சீஸாகச் சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் குறைவாகவே ஏறுவதாகச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். சீஸில் உள்ள கால்சியமும் புரதமும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே இதயத்தை நினைத்துப் பால் சீஸை விட்டு, அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய்க் கட்டியை வைப்பது வீண் செலவு.

பால் குடிச்சா வயிறு உப்பிக்குது. அப்போ எனக்கு இதுதானே சரி?

பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடும். தென்னிந்தியாவில் இது மிகச் சாதாரணம். நோய் என்று பயப்பட வேண்டியதில்லை. தாவர சீஸில் லாக்டோஸ் இல்லாததால் அந்தத் தொல்லை வராது. ஆனால் பல மாதம் முதிர வைத்த செடார், பார்மசான் போன்றவற்றிலும் லாக்டோஸ் அநேகமாக இருக்காது. பெரும்பகுதி மோர்நீரோடு வடிந்துவிடும். மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். உப்புசம் தருவது பனீர், கிரீம் சீஸ், பால்பொடி சேர்த்த ஸ்பிரெட் போன்றவை.

பால் ஒவ்வாமை வேறு. அதில் பால் புரதமே உடம்புக்கு எதிரி. தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரும். அவர்கள் முதிர்ந்த சீஸையும் தொடக் கூடாது. தாவர சீஸ் அவர்களுக்கு உண்மையான மாற்று. ஆனால் முந்திரிக்கும் சோயாவுக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். விருந்தில் பரிமாறினால் எதில் செய்தது என்று ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். தெரியாமல் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

புரதமும் கால்சியமும் கிடைக்குமா? டாக்டர் அதுக்குத்தான் சீஸ் சாப்பிடச் சொன்னார்.

இங்கே பால் சீஸ்தான் முன்னால் நிற்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. 30 கிராம் செடாரில் புரதம் 7 கிராம், கால்சியம் 200 மி.கிராமுக்கு மேல். அதே அளவு முந்திரி சீஸில் புரதம் 3 கிராம், கால்சியம் 6 மி.கிராம்தான். தேங்காய் எண்ணெய்க் கட்டியில் புரதம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்; கால்சியம் தனியாகச் சேர்த்திருந்தால் மட்டும் உண்டு.

பெரியவர்களுக்கு நாளைக்கு 1000 மி.கிராம் கால்சியம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. சீஸை விடுபவர்கள் அந்தக் குறையை வேறு தட்டில் நிரப்ப வேண்டும். 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 180 மி.கிராம் கிடைக்கும். 100 கிராம் முருங்கைக் கீரையில் 300 மி.கிராமுக்கு மேல். டோஃபு வாங்கினால் கால்சியம் சல்ஃபேட் போட்டு உறைய வைத்ததாகப் பாருங்கள். அட்டையில் 516 என்று எண் இருக்கும். புரதத்துக்கும் தாவர சீஸ்களில் டோஃபு வகையே சிறந்தது.

வைட்டமின் பி12 தனிக் கதை. புளிக்க வைத்தால் பி12 உண்டாகும் என்று நம்பி இருக்காதீர்கள். சீஸ் மணத்துக்காகச் சேர்க்கும் உலர் ஈஸ்ட் பொடியான நியூட்ரிஷனல் ஈஸ்டிலும் தனியாகச் சேர்த்திருந்தால்தான் இருக்கும். தயிர், மோர், முட்டை எதையும் தொடாதவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுப்பதே வழி. சீஸை மட்டும் விட்டு மோர் குடிப்பவர்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டாம்.

கடையில வாங்குறப்போ அட்டையில எதைப் பார்க்கணும்?

முன்பக்கத்தை விடுங்கள், பின்னால் திருப்புங்கள். சேர்மானப் பட்டியல் அளவு அதிகமுள்ளதிலிருந்து குறைவானது வரை வரிசையாக இருக்கும். முதலில் முந்திரி, பாதாம், சோயா என்று வந்தால் சரி. 'தண்ணீர், தேங்காய் எண்ணெய், ஸ்டார்ச்' என்று தொடங்கினால் அது மூன்றாவது வகை. பிறகு 100 கிராமுக்கான கணக்கில் மூன்று எண்கள்: நிறைவுற்ற கொழுப்பு 10 கிராமுக்குள், புரதம் 8 கிராமுக்கு மேல், சோடியம் 500 மி.கிராமுக்குள். இது எங்கள் அளவுகோல். மூன்றில் இரண்டு தேறினாலே வாங்கலாம்.

பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று அர்த்தமில்லை, பால் பொருளுக்கும் அதே புள்ளிதான். சதுரத்துக்குள் பச்சை நிறத்தில் இலையோடு கூடிய 'வி' எழுத்துதான் 2022 விதிகளின்படி வீகன் உணவுக்கான முத்திரை.

பேக்கரிக்காரர் 'அனலாக் சீஸ்' போடுறேன்னு சொல்றார். அதுவும் தாவர சீஸ்தானே?

அநேகமாக இல்லை. பால் கொழுப்பை எடுத்துவிட்டுப் பாமாயில் போன்ற எண்ணெயைச் சேர்த்து, பால் புரதத்தையோ பால்பொடியையோ வைத்துக் கட்டுவதுதான் வழக்கமான அனலாக். பால் ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆபத்து. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் இதயத்துக்கும் லாபமில்லை. மலிவு என்பது மட்டுமே அதன் தகுதி. பெட்டியைக் காட்டச் சொல்லி, 'கேசினேட்' (பால் புரதம்) என்றோ 'பால் திடப்பொருள்' என்றோ இருக்கிறதா என்று படியுங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கு. எது நல்லது?

பால் சீஸில் மாவுச்சத்து மிகக் குறைவு, அதனால் சர்க்கரை உடனே ஏறாது. ஸ்டார்ச்சில் செய்த தாவரக் கட்டியில் 100 கிராமுக்கு 20 கிராம் மாவுச்சத்துகூட இருக்கும். ஆக, சர்க்கரைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வீகன் பக்கம் தாவக் கூடாது. டோஃபுவோ பாதாமோ நல்ல தேர்வு. முந்திரியில் மாவுச்சத்து சற்றுக் கூடுதல், 30 கிராமோடு நிறுத்துங்கள்.

தைராய்டு மாத்திரை போடுறேன், சோயா ஆகாதுன்னு சொல்றாங்களே?

சாப்பிடலாம், நேரம்தான் முக்கியம். சோயாவும் கால்சியமும் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் டோஃபு சீஸை மதியத்துக்கோ இரவுக்கோ வையுங்கள். நான்கு மணி நேர இடைவெளி போதும். பால் சீஸில் உள்ள கால்சியத்துக்கும் இதே கணக்கு. சோயா சாப்பிட்டால் ஆண்களுக்கு ஹார்மோன் குறையும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை.

சிறுநீரக நோயாளிகள் இரண்டு பக்கமும் கவனமாக இருக்க வேண்டும். பதப்படுத்திய பால் சீஸில் 339, 452 என்ற எண்களில் பாஸ்பேட் உப்புகள் வரும். பருப்புகளில் பொட்டாசியமும் பாஸ்பரசும் உண்டு. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முந்திரி விக்கிற விலைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? நம்ம மலைக் காய்ல செய்ய முடியாதா?

முடியும். ரொட்டியில் தடவுவதற்கு எங்கள் முதல் சிபாரிசும் அதுதான். கொடைக்கானல் பட்டர் பீன்ஸை உரித்து 250 கிராம் எடுங்கள். குக்கரில் 4 விசில் விட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேக வையுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிப்பதால் திறந்த பாத்திரத்தில் பீன்ஸ் சரியாக வேகாது. அரைவேக்காட்டு பீன்ஸில் லெக்டின் என்ற பொருள் மிச்சமிருந்து வயிற்றைக் கலக்கிவிடும். வெந்ததை வடித்து, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் 1 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, நியூட்ரிஷனல் ஈஸ்ட் 1 மேசைக்கரண்டி சேர்த்து நைசாக அரையுங்கள். வெந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டால்தான் பதம் கைக்குள் இருக்கும். ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும்.

சாஸ் வேண்டுமென்றால் ஊட்டி உருளைக்கிழங்கு 250 கிராம், கேரட் 100 கிராம், முந்திரி 30 கிராம் சேர்த்து வேக வைத்து, 120 மி.லி. வெந்த தண்ணீரோடு அரையுங்கள். உப்பும் எலுமிச்சையும் மேலே சொன்னதே. உருளைக்கிழங்கை மிக்சியில் அதிக நேரம் ஓட்டினால் பசையாகிவிடும். 20 விநாடி ஓட்டி நிறுத்திப் பாருங்கள். இந்த இழுவையே பாஸ்தாவில் சீஸ் போலத் தெரியும். தாண்டிக்குடிப் பக்கத்து பட்டர் ஃப்ரூட்டை மசித்து உப்பும் எலுமிச்சையும் போட்டால் கிரீம் சீஸின் இடத்தை நிரப்பும், ஆனால் அன்றே தீர்த்துவிட வேண்டும்.

முந்திரி சீஸ் செய்முறை பார்த்துத்தான் செஞ்சேன். ரெண்டு நாள் ஆகியும் புளிக்கவே இல்லை. ஏன்?

குளிர். செய்முறைகளில் 'அறை வெப்பத்தில் ஒரு நாள்' என்று இருப்பது சமவெளிக் கணக்கு. இங்கே மார்கழியில் சமையலறை 12 டிகிரிகூட இருக்காது. புளிக்க வைக்கும் லாக்டிக் நுண்ணுயிர்கள் வேகமாக வளர 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். இரண்டாவது காரணம், புளிக்க வைப்பதற்காகப் போடும் நுண்ணுயிர் கேப்சூல். மருந்துக் கடையில் புரோபயாட்டிக் என்று கேட்டால் பேசில்லஸ் கிளாசியையோ ஈஸ்ட் வகையையோ தருவார்கள். அவை வயிற்றுப்போக்குக்கானவை, பருப்பைப் புளிக்க வைக்காது. லாக்டோபேசில்லஸ் என்று எழுதியிருக்க வேண்டும். பால் ஒவ்வாமைக்காரருக்குச் செய்வதானால் பால் சேராத கேப்சூலா என்றும் பாருங்கள்.

முறை இது. 150 கிராம் முந்திரியைக் கொதிக்கும் தண்ணீரில் 15 நிமிடம் வேக வையுங்கள். வெறுமனே ஊற வைத்தால் போதாதா என்று கேட்பார்கள், போதாது. பச்சை முந்திரியில் சால்மோனெல்லா இருக்கக்கூடும். 2021-இல் அமெரிக்காவில் முந்திரியில் செய்த 'ப்ரீ' என்ற மென்மையான வகை சீஸால் அந்தக் கிருமி பலருக்குப் பரவியது. வடித்து ஆற வைத்து, கொதித்து ஆறிய தண்ணீர் 60 மி.லி. சேர்த்து வெண்ணெயாக அரையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு கேப்சூல் பொடியைக் கலந்து, கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் பாத்திரத்தில் மூடுங்கள். அதை ஹாட் பாக்ஸில் வைத்துப் பக்கத்தில் வெந்நீர் பாட்டில் ஒன்று வையுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வெந்நீரை மாற்றினால் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். 24 முதல் 36 மணி நேரத்தில் புளிப்பும் சிறு காற்றுக் குமிழும் வரும். அதற்குப் பிறகே உப்பு, அரைத் தேக்கரண்டி. முதலிலேயே உப்பைப் போட்டால் புளிப்பது இன்னும் தாமதமாகும்.

நாக்கை நம்புவதைவிட, புளிப்பின் அளவை நிறத்தில் காட்டும் பி.ஹெச். தாளை நம்புங்கள். 4.6-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். 36 மணி நேரத்திலும் வரவில்லையா, கொட்டிவிடுங்கள். எலுமிச்சை பிழிந்து சரிசெய்யப் பார்க்காதீர்கள். அந்த நேரத்துக்குள் வேறு கிருமி வளர்ந்திருக்கும்.

கேப்சூல் எதுக்கு? மிளகாய்க் காம்பு போட்டா உறையுமே?

கடலைப்பால் தயிருக்குப் பலரும் அப்படித்தான் உறை ஊற்றுகிறார்கள். காம்பில் நல்ல நுண்ணுயிர் இருக்கிறது, கூடவே வேறு எதுவும் இருக்கலாம். புளிப்பு வேகமாக ஏறும் சமவெளி வெயிலில் நல்லது ஜெயிக்கும். நம் குளிரில் மெதுவாக ஏறுவதால் கெட்டதற்கும் நேரம் கிடைக்கிறது. சூடாக்காமல் சாப்பிடும் சீஸுக்கு வேண்டாம்.

இங்கேதான் எப்பவும் குளிராச்சே, வெளியவே வெச்சா என்ன?

வெளியே 14 டிகிரி என்றால் நமக்குக் குளிர். கிருமிக்கு அது வளரப் போதுமான சூடு. சீஸுக்கு 4 டிகிரி வேண்டும். முந்திரி சீஸை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் 5 முதல் 7 நாள். இளஞ்சிவப்பு, கறுப்பு, பச்சை எந்தப் புள்ளி வந்தாலும் மேலாகச் சுரண்டிவிட்டுச் சாப்பிடாதீர்கள். கெட்டியான செடாரில் பூசணத்தைச் சுற்றி ஒரு அங்குலம் வெட்டி எறிந்தால் மீதி தேறும். ஈரமான தாவர சீஸில் அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும்.

மலைப்பூண்டு போட்டு எண்ணெயில ஊற வெச்சா ருசியா இருக்குமாம், செய்யலாமா?

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் காரமும் மணமும் சீஸுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்க வைத்து வெளியே வைப்பது கொடிய தவறு. காற்றுப் புகாத, புளிப்பில்லாத இடத்தில்தான் போட்டுலிசம் நச்சுக் கிருமி வளரும். அதன் நச்சு வாசனையில் தெரியாது. பூண்டை வதக்கி, சாப்பிடும் அன்று சீஸில் கலந்துகொள்ளுங்கள்.

கெட்டியா வெட்ட வரலை, பீட்சாவுல உருகவும் மாட்டேங்குது.

பால் சீஸ் உருகுவதற்குக் காரணம் கேசின் என்ற புரதமும் கால்சியமும் சேர்ந்த வலை; சூடு பட்டதும் அது தளர்ந்து ஓடும். முந்திரிப் புரதம் அப்படிச் செய்யாது. உருக வேண்டுமானால் மேலே சொன்ன அளவு முந்திரி விழுதோடு 200 மி.லி. தண்ணீரும் 3 மேசைக்கரண்டி மரவள்ளி ஸ்டார்ச்சும் கலந்து, மிதமான தீயில் கிண்டுங்கள். முதலில் கட்டி கட்டியாகத் திரண்டு பயமுறுத்தும். கைவிடாமல் மூன்று நிமிடம் கிண்டினால் பளபளவென்று இழுவை வரும். அதைக் கரண்டியால் பீட்சா மேல் வைத்துச் சுடுங்கள்.

வெட்டும் பதத்துக்குக் கடற்பாசிப் பொடி (அகர் அகர்) 1 தேக்கரண்டியை 200 மி.லி. தண்ணீரில் கரைத்து, கொதி வந்த பிறகும் நான்கு நிமிடம் கொதிக்க விட்டு, முந்திரி விழுதில் கலந்து உறைய விடுங்கள். கொதிநிலை குறைவான மலையில் ஒரு நிமிடம் பத்தாது. விழுது ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருந்தால் பாசி பட்டதும் திரித்திரியாக உறையும், அதனால் முதலில் வெதுவெதுப்பாக்குங்கள். எலுமிச்சைச் சாற்றைப் பாசியோடு கொதிக்க விட்டால் அது உறையும் சக்தியை இழக்கும். அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள்.

குழந்தைக்குக் கொடுக்கலாமா?

வேறு உணவோடு சேர்த்து என்றால் கொடுக்கலாம். பால் சீஸுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய்க் கட்டியைத் தினமும் டிபன் பாக்ஸில் வைத்தால் வளரும் பிள்ளைக்குப் புரதமும் கால்சியமும் குறைந்துபோகும். டோஃபுவோ பட்டர் பீன்ஸ் விழுதோ வைத்துக் கூடவே ஒரு ராகி அடை கொடுங்கள். முதல் முறை முந்திரி கொடுக்கும்போது கால் தேக்கரண்டி விழுது மட்டும் பகலில் கொடுத்து, இரண்டு மணி நேரம் கவனியுங்கள். முழுப் பருப்பு சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும்.

எங்க ஊர் சீஸை முழுசா விட மனசு வரலை. பாதிப் பாதி செஞ்சா பலன் இருக்குமா?

நிச்சயம் இருக்கும், ஒவ்வாமை இல்லாத பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்வதும் அதுதான். சாண்ட்விச்சில் இரண்டு துண்டு செடாருக்குப் பதில் பட்டர் பீன்ஸ் விழுதைத் தடிமனாகத் தடவி, மேலே 10 கிராம் முதிர்ந்த சீஸை மிக மெல்லிசாகத் துருவிப் போடுங்கள். நிறைவுற்ற கொழுப்பு 12 கிராமிலிருந்து 3 கிராமுக்குள் இறங்கிவிடும். முதிரும் மாதம் கூடக் கூட மணம் ஏறும், அதனால் வாங்கும்போது ஆறு மாதத்துக்கு மேல் முதிர்ந்ததாகக் கேளுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே, கட்டி குளிர்ந்திருக்கும்போதே துருவினால் 10 கிராம் ரொட்டி முழுவதும் பரவும்.